டிஸ்க் கோல்ஃப்: முதல் இரண்டு மாதம், மூன்று தட்டு

கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் தட்டை (டிஸ்க்) வீசிச் சங்கிலிக் கூடையில் விழவைப்பது டிஸ்க் கோல்ஃப். அமெரிக்காவிலிருந்து வந்த மச்சானிடம், இருப்பதிலேயே வேகமான டிஸ்க்கா பார்த்து வாங்கிட்டு வா என்று சொன்னது என் தப்புதான். இன்னோவா கம்பெனியின் டெஸ்ட்ராயர் என்கிற தட்டு வந்து சேர்ந்தது. பெங்களூர் கம்மனஹள்ளியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வீடு கட்டாமல் கிடக்கிற சைட்டில் வீசிப் பார்த்தேன். முப்பது தப்படி போவதற்குள் இடப்பக்கம் வெட்டி, காம்பவுண்டுச் சுவரில் மோதியது. எத்தனை தரம் வீசினாலும் அதே சுவர்தான்.

பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் கிருஷ்ணகிரிக்காரர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏன் சார், நீங்களே வீசி நீங்களே ஓடிப் போய் எடுக்கறீங்க. ஒரு நாய் வளக்கலாமில்ல?" என்றார்.

தட்டின் மேலேயே நாலு எண் போட்டிருக்கும். டெஸ்ட்ராயரில் 12, 5, -1, 3. முதல் எண் வேகம், அடுத்தது மிதப்பு. மூன்றாவது, வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாயும் குணம். நாலாவது, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் இழுக்கும் குணம். இது வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், வீசும்போது. 12 என்பதைத் தட்டு அவ்வளவு வேகமாகப் போகும் என்று படித்துவிட்டேன். அந்த வேகத்தில் நாம் வீசினால்தான் அது ஒழுங்காகப் பறக்கும் என்று அர்த்தமாம். என் கையில் அந்த வேகம் இல்லை. அதனால் மிச்சமிருந்தது கடைசி 3 மட்டும்.

நல்லவேளை, மச்சான் தானாக யோசித்து ஏவியார் என்கிற புட்டரும் (கிட்டத்திலிருந்து கூடையில் போடுகிற மெதுவான தட்டு; 2, 3, 0, 1) லெப்பர்ட் என்கிற நடுத்தர வேகத் தட்டும் (6, 5, -2, 1) வாங்கி வந்திருந்தார். மூன்று வாரம் புட்டரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அதில்தான் கோளாறு தெரிந்தது: விடும்போது முன்விளிம்பு மேலே தூக்கிக்கொள்கிறது. சொம்பைச் சரித்துத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி மணிக்கட்டைக் கீழே சாய்த்ததும் ஓரளவு நேரானது. அப்புறம் லெப்பர்டை எடுத்தேன். முதல் நாளே டெஸ்ட்ராயரைவிடப் பத்துத் தப்படி கூடுதலாகப் போனது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பொங்கலுக்குச் சென்னை போனபோது பெசன்ட் நகர் கடற்கரையில், எதிர்க்காற்றில் அதே லெப்பர்ட் வலப்பக்கம் கவிழ்ந்து மணலில் உருண்டது. எதிர்க்காற்றில் எந்தத் தட்டும் தன் வேகத்துக்கு மேல் பறப்பதுபோல நடந்துகொள்ளும். சந்தேகத்தோடு டெஸ்ட்ராயரை விட்டேன். வாழ்நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் நேராகப் போனது!

சங்கிலிக் கூடை எனக்கு இல்லை. எட் ஹெட்ரிக் 1970களில் அதை உருவாக்குவதற்கு முன் மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்துத்தான் ஆடினார்கள். எனக்கு மின்கம்பம். பன்னிரண்டு தப்படியிலிருந்து பத்துக்கு மூன்று படுகிறது.

போன ஞாயிறு வாட்ச்மேன் அண்ணன் புட்டரைக் கேட்டு வாங்கினார். முதல் வீச்சு சாக்கடைப் பக்கம். இரண்டாவது, கம்பத்தில் டங்கென்று பட்டது. "மாங்காக்குக் கல்லு உட்ட கை சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.