குவாண்டம் ஆர்டர் கோவைப் பட்டறைக்கு வர வேண்டுமென்றால்

குவாண்டம் கணினி போன்ற ஆராய்ச்சிகளுக்கான தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரைக்கும் 6,003.65 கோடி ரூபாய். பெங்களூரு ஐஐஎஸ்சியும் சென்னை, மும்பை, டெல்லி ஐஐடிகளும் தலைமை மையங்கள். இங்கெல்லாம் லேசரோடு சேர்த்து எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வேக்குவம் சேம்பர், அதாவது வெற்றிடக் கலம், அதை மூடி இணைக்கும் ஃபிளாஞ்ச், செம்புத் தட்டு எல்லாம் வேண்டும். அதைக் கடையத் தெரிந்த கைகள் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் இருக்கின்றன. முட்டுக்கட்டை இருப்பது அரசு நிறுவனங்கள் பொருள் வாங்கும் விதியில்தான்.

2025 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் அதில் ஒரு பகுதியைத் தளர்த்தியது. ஆய்வுக் கருவிகளைக் கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு மூலம் வாங்குவது 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது. ஜெம் என்ற அரசு இணையக் கொள்முதல் தளத்துக்கு வெளியே வாங்க நிறுவன இயக்குநரே அனுமதிக்கலாம். சிறு பட்டறைக்கு இந்த 25 லட்ச வரம்புதான் முக்கியம். குழு நேரில் வந்து வேலையைப் பார்த்து, தரத்தையும் விலையையும் சேர்த்து எடைபோட முடியும்.

டெண்டர் என்று போய்விட்டால் எல்-1, அதாவது குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர். சேம்பர் விஷயத்தில் அது எப்படிக் கெடுக்கும் என்றால், அயனிகளைப் பிடித்துவைக்கும் அயனிப் பொறிக்கு 10⁻¹¹ மில்லிபார் அளவு வெற்றிடம் வேண்டும். ஆர்கான் வெல்டிங்கை உள்பக்கம் முழுக்கப் போட வேண்டும். வெளியில் ஓட்டி, உள்ளே இடுக்கு விட்டால் அதில் சிக்கிய காற்று மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஹீலியம் உள்ளே புகுகிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்டில் அது தெரியவே தெரியாது. மறுபக்கம் திறக்காத முட்டுத்துளையில் சாதாரண போல்ட் போட்டாலும் இதே கதி; நடுவில் துளையிட்ட போல்ட் வேண்டும். 304எல் அல்லது 316எல் கிரேடு எஃகு கேட்ட இடத்தில், கடைய லேசாக இருக்கிறதென்று 303 கிரேடு போட்டால் அதிலுள்ள கந்தகம் சூட்டில் ஆவியாகும். ஃபிளாஞ்சின் கத்திமுனையில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் இடையில் அடைக்கும் செம்பு கேஸ்கெட் சரியாக உட்காராது. விலைப்பட்டியலில் இதில் ஒன்றும் தெரியாது. ஆகவே ஆர்டரிலேயே பொருளின் கிரேடு, சான்றிதழ், விநாடிக்கு 10⁻¹⁰ மில்லிபார் லிட்டருக்குக் கீழே கசிவு, சேம்பரைச் சூடாக்கி உள்ளே ஒட்டிய வாயுவை வெளியேற்றும் பேக்கிங் முடிந்தபின் எட்ட வேண்டிய அழுத்தம் நான்கையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பணம் வரும் வழியும் இதோடு கட்டுப்பட்டது. சிறுதொழில் சட்டம் 2006 படி, சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு; ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் பணம் தரும் கெடு அதிலிருந்து 45 நாளுக்குமேல் நீளக்கூடாது. ஆனால் ஆய்வகத்தில் பம்ப் மாட்டி, சூடாக்கிப் பார்க்கவே வாரங்கள் ஓடிவிடும், தகராறும் அங்கேதான் முளைக்கும். அனுப்பும் முன்பே, வாங்குபவர் முன்னிலையில் சோதனை நடத்திக் கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

அதற்கு லீக் டிடெக்டர், காற்றை உறிஞ்சும் டர்போ பம்ப், பேக்கிங் அடுப்பு வேண்டும். ஒரு பட்டறை தனியாக வாங்கினால் கட்டுபடியாகாது. மத்திய அரசின் சிறுதொழில் குழும வளர்ச்சித் திட்டத்தில் பல பட்டறைகள் சேர்ந்து பயன்படுத்தும் பொது வசதி மையத்துக்கு மானியம் உண்டு. ஃபவுண்டரிக்கும் பம்புக்கும் கேட்பதைப் போல இதற்கும் நம் சங்கங்கள் கேட்க வேண்டும்.

ஜூன் தளர்வு மத்திய நிறுவனங்களுக்கானது. மாநிலக் கொள்முதல் 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. ஆய்வுக் கருவிகளுக்கு அதே அளவு வரம்பைத் தமிழக அரசும் தந்தால், பக்கத்திலிருக்கும் மாநிலப் பல்கலைக்கழகமே பட்டறைக்கு முதல் ஆர்டர் கொடுக்கலாம்.