ஆயாவின் கைத்தழும்பு

எங்க ஆயாவின் இடது கையில் நாலணா அளவுக்கு ஒரு தழும்பு. அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். "அம்மை குத்துனது நைனா" என்று சொல்லும். குத்த ஆள் வந்தால், காசிமேட்டில் பிள்ளைகளை வலைக் குவியலுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்களாம்.

பெரியம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. பக்திதான், ஆனால் நோயாளியை ஒதுக்கி வைத்ததும் அந்த வேப்பிலைதான். நோயை ஒழித்தது மட்டும் தடுப்பூசி. கிண்டி கிங் நிலையத்தில் கன்றுக்குட்டித் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்து ஊர் ஊராகப் போனது. 1980இல் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டது.

2021இல் கொரோனா ஊசி போட்டு வந்தேன். ஆயா என் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தது. "தழும்பே காணோமே, ஒழுங்கா குத்துனாங்களா?"