சின்ன ஆபீஸ் விசாலமாகத் தெரிய, வாசலில் நின்று பாருங்கள்

ஆபீஸ் நெருக்கடியாக இருக்கிறது என்றதும் பலரும் வெள்ளைப் பெயின்ட் வாங்கப் போகிறார்கள், இல்லையென்றால் தடுப்புச் சுவரை இடிக்கிறார்கள். அதற்கு முன் வாசற்கதவைத் திறந்து அங்கேயே நின்று பாருங்கள். முதலில் கண்ணில் படுவது என்ன? அலமாரியின் பக்கவாட்டா, பிரின்டரா, யாரோ ஒருவரின் முதுகா? அறையைக் குறுக்குவது அதுதான். அங்கிருந்து எதிர்ச்சுவரோ ஜன்னலோ தடையின்றித் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உயரமான அலமாரிகளைக் கதவு இருக்கும் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உள்ளே வருபவருக்கு அவை முதுகுப்பக்கம் போய்விடும். ஏ4 பைல் வைக்க 35 செ.மீ. ஆழம் போதும், 60 செ.மீ. ஆழ அலமாரி தரையைத் தின்றுவிடும். மேசைகளுக்கு நடுவில் தடுப்பு வேண்டுமென்றால் தரையிலிருந்து 110 செ.மீ.யோடு நிறுத்துங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறக்குறைய 120 செ.மீ. உயரத்தில் இருக்கும், தலை நிமிர்ந்தால் அறை முழுதும் தெரியும்.

எதையும் வாங்குமுன் மாஸ்கிங் டேப்பால் தரையில் மேசை, நாற்காலிகளின் அளவை ஒட்டி, இரண்டு நாள் அதற்குள் நடமாடுங்கள். 120க்கு 60 செ.மீ. மேசை, அதன் பின்னால் நாற்காலி இழுக்க 90 செ.மீ., நடைபாதைக்கும் 90. சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். வரைபடத்தில் சரியாகத் தெரிவது பெரும்பாலும் இழுப்பறையைத் திறக்கும்போதுதான் இடிக்கும்.

மானிட்டர் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் திரையில் வெளிச்சம் பிரதிபலிக்கும். பிறகு நாள் முழுக்க பிளைண்ட்ஸை இறக்கிவிடுவார்கள், ஜன்னல் இருந்தும் பயனில்லை. மேசை மீது 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறம்) எல்.இ.டி. சரியாக இருக்கும். கூரையின் நடுவில் மட்டும் விளக்கு வைத்தால் மூலைகள் இருண்டு சுவர்கள் நெருங்கி வந்ததுபோல் தெரியும். சுவர் முழுதும் வெளிச்சம் படரும்படி விளக்கு ஒரு வரிசையாவது வேண்டும்.

திறந்த அமைப்பைப் பெரும்பாலும் கெடுப்பது எதிரொலி. தடுப்பையும் திரைச்சீலையையும் எடுத்து, கண்ணாடியும் டைல்ஸும் போட்டபின், ஒருவர் போனில் பேசினால் எல்லோர் வேலையும் நிற்கும். காலி அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று நடுங்கினால், எதிரெதிரே இரண்டு வெற்றுச் சுவர்கள் இருக்கின்றன என்று அர்த்தம். மெல்லிய போம் ஷீட் கீச்சொலியை மட்டுமே குறைக்கும், பேச்சின் கனத்தைத் தொடாது. துணி போர்த்திய 5 செ.மீ. தடிமனுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைகளை, அடுத்தடுத்த இரண்டு சுவர்களில், காது உயரத்தில் பொருத்துங்கள். சுவருக்கும் பலகைக்கும் 5 செ.மீ. இடைவெளி விட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். ஆனால் இவை பக்கத்து அறைச் சத்தத்தைத் தடுக்காது. அது சுவரின் எடையையும் கதவிடுக்கையும் பொறுத்த விஷயம்.

பிளக் பாயிண்ட், வயரிங் எல்லாம் பெயின்டுக்கு முன் முடியட்டும். வருபவரை வரவேற்க, கதவைப் பார்த்தபடி ஒரு முகம் இருந்தால் போதும், பெரிய கவுன்டர் தேவையில்லை. வருபவர் உட்காரும் நாற்காலி 45 செ.மீ. உயரத்தில், கைப்பிடியோடு இருக்கட்டும். தாழ்ந்த சோபாவிலிருந்து எழ வயதானவர்கள் படும் பாடு பெரிது.