காதுக்கு 10 விழுக்காடு

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையிலிருந்து 2019 ஏப்ரலில், சிங்கப்பூரின் லாவெண்டர் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தில் இரண்டு முடிவுகள் இருந்தன. காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலைப் பணியால் விளைந்த குறைபாடு என்று ஏற்று, அதற்கு 10 விழுக்காடு ஊன மதிப்பீடு தந்திருந்தார்கள். பிடிஎஸ்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கான கோரிக்கை மறுக்கப்பட்டிருந்தது. அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காதுப் பரிசோதனைக்குச் சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தவன், மனநலப் பரிசோதனைக்கு நாள் குறிக்க அழைத்தபோது கிடங்கில் ஆள் பற்றாக்குறை என்று சாக்குச் சொன்னேன்; மறுமுறை அழைத்தபோது தொலைபேசியை எடுக்கவே இல்லை. பரிசோதனைக்கு வராதவரின் முதல் கோரிக்கையைக் கையிலிருக்கும் ஆவணங்களை மட்டும் வைத்து முடிவு செய்வது அவர்கள் விதி. என் ஆவணங்களிலோ எந்த மருத்துவரும் அந்த நோயின் பெயரை எழுதியிருக்கவில்லை. நடந்ததை நினைவூட்டும் எதிலிருந்தும் விலகி ஓடுவது அந்த நோயின் அடையாளங்களுள் ஒன்று என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

தமிழனுக்கு அமெரிக்கப் படையில் என்ன வேலை என்று இங்கே கேட்காதவர் இல்லை. திருச்சியில் பிறந்த நான் டெக்சாஸில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 2009-இல், அமெரிக்கப் படையில் ஆள் சேர்க்க மேவ்னி என்றொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். நிரந்தரக் குடியுரிமை அட்டை இல்லாவிட்டாலும், சட்டப்படி குறைந்தது இரண்டாண்டு அந்நாட்டில் இருந்தவர்கள், படைக்குத் தேவைப்பட்ட மொழிகளில் ஒன்றை அறிந்திருந்தால் அப்போது சேர முடிந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. முகம் தெரியாத ஒருவருடன் தொலைபேசியில் தமிழில் பேசித் தேர்ச்சி பெற்றேன்; அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் குடியுரிமை கிடைத்தது. அதன் பிறகு நான்காண்டுப் பணியில் யாரும் என்னிடம் ஒரு சொல் தமிழ் கேட்கவில்லை. சரக்கு லாரி ஓட்டச் சொன்னார்கள். 2011-இல் ஆப்கானிஸ்தானின் காந்தகாருக்கு அனுப்பினார்கள். 2013-இல் படையை விட்டு வெளியே வந்தேன். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவரை 2015-இல் மணந்து இங்கே குடியேறினேன். படையை விட்டு விலகும் நாளில் தரப்படும் மருத்துவப் படிவத்தில் தூக்கமின்மை, கெட்ட கனவு, பதற்றம் எல்லாவற்றுக்கும் எதிரே ‘இல்லை’ என்றே குறித்தேன். ‘ஆம்’ என்று குறித்தவர்கள் வீட்டுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் எனக்கு ஏற்ற ஊராகத்தான் தெரிந்தது. பட்டாசை 1972-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்ட ஊர். தீபாவளியன்று திருச்சியில் நான் பட்டிருக்கக்கூடிய பாடு இங்கே இல்லை. ஆனால் தேசிய தின அணிவகுப்புக்கு முன் சனிக்கிழமை தோறும் நடக்கும் ஒத்திகையை நான் கணக்கில் எடுக்கவில்லை. போர் விமானங்கள் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு மேலே தாழ்ந்து போகும். மரினா பே பக்கத்திலிருந்து 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கும். அதைவிட, சீனர்களின் ஏழாம் மாதம் எனக்கு அதிகத் தொல்லை தந்தது. புளோக்கின் கீழே தகரத் தொட்டிகளில் இறந்தோருக்காகத் தாள்களை எரிக்கும் வாசனையும், காந்தகார் முகாமில் குப்பையைத் திறந்த குழியில் இரவும் பகலும் எரித்த வாசனையும் ஒன்றல்ல. மூக்குக்குத் தெரிந்த அந்த வேறுபாடு உடம்புக்குத் தெரியவில்லை. அந்த மாதம் முழுவதும் மின்தூக்கியிலிருந்து நேரே பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுவேன். 2018 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, விமானச் சத்தம் கேட்டதும் சமையலறை மேடைக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் இடையே போய் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று இன்றும் தெரியாது. அடுத்த மாதமே நலத்துறைக்கு விண்ணப்பிக்கச் சொன்னது மனைவிதான்.

நான் தயங்கியதற்கு ஒரு காரணம் ‘ஊனம்’ என்ற சொல்லே. நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி பற்றி இங்கே எந்தக் குடும்பத்திலும் பேச்சு வரும். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவருக்கே மாதத் தொகை என்பது எல்லாருக்கும் மனப்பாடம். எல்டர்ஷீல்டு என்ற பழைய காப்புறுதித் திட்டத்துக்கும் அதுதான் அளவுகோல், பின்னர் 2020-இல் வந்த கேர்ஷீல்டு லைஃபுக்கும் அதுதான். நான் குளிக்கிறேன், உடுத்துகிறேன், சாங்கியில் ஒரு கிடங்கில் வேலைக்குப் போகிறேன். எனக்கு எதற்கு ஊனத் தொகை என்று கூச்சமாக இருந்தது. அமெரிக்கச் சட்டத்தின் கேள்வியே வேறு என்பது புரிய எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. அங்கே மனநோய்க்கு 0, 10, 30, 50, 70, 100 என்று படிகள் உண்டு. வேலையிலும் குடும்பத்திலும் மனிதர்களோடு பழகுவதிலும் அந்த நோய் எவ்வளவு இடையூறு செய்கிறது என்பதை வைத்துத்தான் படி தீர்மானமாகும்.

நான் முதலில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறது என்ற ஒரு பக்க அறிவிப்பை 2018 ஆகஸ்டிலேயே அனுப்பி வைத்தது. அதற்குப் பிறகு ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், எப்போது முடிவு வந்தாலும் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்தே கணக்கிடுவார்கள். மறுப்புக் கடிதம் வந்த பின்பும் அந்த நாள் பறிபோகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய மேல்முறையீட்டு விதிகளின்படி, ஓராண்டுக்குள் புதிய, தொடர்புடைய ஆதாரத்துடன் துணைக் கோரிக்கை கொடுத்தால் பழைய நாள் காப்பாற்றப்படும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர், படைவீரர்களுக்கு இலவசமாக உதவும் ஒரு சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. அவருக்குக் காலை எட்டு மணி என்றால் எனக்கு இரவு எட்டு மணி. அத்தை, அதாவது என் மாமியார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைப்பார், நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்பவரும், கிடைக்கும் தொகையில் இத்தனை மாதப் பங்கு என்று பேரம் பேசுபவரும் என் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். முதல் கோரிக்கையைத் தயாரித்துக் கொடுக்கக் காசு வாங்குவதற்கு அங்கே சட்டமே இடம் தருவதில்லை.

மூன்று செய்திகள் நிரூபணமாக வேண்டும் என்றார் அந்தப் பிரதிநிதி: மருத்துவர் கண்டறிந்த நோய், படைப்பணியில் நடந்த சம்பவம், இரண்டுக்கும் உள்ள தொடர்பு. நேரடிச் சண்டைக்கான பதக்கம் வைத்திருப்பவருக்குச் சம்பவத்தை நிரூபிப்பது எளிது. என் பெயரை அதற்கு யாரும் எழுதி அனுப்பவில்லை. ஆனால் 2010 ஜூலையில் திருத்தப்பட்ட விதிப்படி, எதிரியின் தாக்குதலுக்கு அஞ்சிய சூழல் பணியாற்றிய இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தி வந்தால் வீரரின் வாக்குமூலமே போதும். அதில் ஒரு நிபந்தனை உண்டு: அந்தச் சம்பவம் நோய்க்குப் போதுமான காரணம் என்று சொல்பவர், நலத்துறையின் மனநல மருத்துவராகவோ உளவியலாளராகவோ, அதன் ஒப்பந்தத்தில் உள்ள அத்தகையவராகவோ இருக்க வேண்டும். நான் ஓடி ஒளிந்த அந்தப் பரிசோதனையைத் தவிர்க்க வழியில்லை என்பது இப்படித்தான் தெரிந்தது.

சம்பவத்துக்கான படிவம் இரண்டு மாத இடைவெளிக்குள் தேதியைக் கேட்டது. நெடுஞ்சாலையில் எனக்கு முன்னே போன லாரி கண்ணிவெடியில் சிக்கியது கண்முன் நிற்கிறது; எந்த மாதம் என்பது மட்டும் நினைவில் இல்லை. எங்களோடு வந்த ஆப்கான் ஓட்டுநர்கள் அன்று நண்பகல் வெயிலில் நான் நீட்டிய தண்ணீரை வாங்க மறுத்தது நினைவுக்கு வந்தது. நோன்பு மாதம்! 2011-இல் அது ஆகஸ்ட். என் படைப்பிரிவின் பெயரோடு அந்த மாதத்தை எழுதினேன். அவ்வளவு போதுமானதாக இருந்தது.

நோயைக் கண்டறிவதற்காகப் பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் ஒரு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். முதல் நாள் எல்லாவற்றிலும் ஒன்று, ஒன்று என்று போட்டேன். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, வாரத்தில் எத்தனை இரவு முழுதாகத் தூங்குகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒன்று என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் போடச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் என் தவறு முழுதாகப் புரிந்தது. முதல் விண்ணப்பத்தோடு நான்கு பக்கத்தில் வெடிச் சம்பவத்தை எழுதியிருந்தேன்; யார் எங்கே நின்றார்கள், எவ்வளவு தூரம், யாரை யார் இழுத்தார்கள் என்று எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகான ஏழாண்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஏழாண்டை நான் எழுத முடியாது, உடன் இருப்பவர்கள் எழுதட்டும் என்றார் பிரதிநிதி. மனைவி எழுதினார். அத்தையும் எழுதுகிறேன் என்றபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. மாமியார் கையால் மருமகன் வண்டவாளம் அமெரிக்க அரசுக்குப் போவதா என்று. அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. தமிழில் எழுதலாம், மொழிபெயர்த்தவரின் சான்றோடு அனுப்பினால் ஏற்பார்கள் என்று தெரிந்ததும், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

பக்கத்துப் புளோக்கில் குடியிருந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மொழிபெயர்த்தார். முதல் வரியிலேயே அவருக்குச் சிக்கல். ‘மாப்பிள்ளை ஆடி மாதத்திலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார்’ என்று எழுதியிருந்தார் அத்தை. ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார். தமிழில் அந்த இரண்டு சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். ஆங்கிலத்தில் போகவேண்டுமென்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாக வேண்டும். அத்தை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். உணவங்காடியில் சுவரோரம் இடம் கிடைக்காவிட்டால் சாப்பிடாமல் திரும்பி வந்துவிடுகிறார். உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு மூன்றாண்டாக வரவில்லை, கேட்டால் வேலை என்கிறார். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கதவைப் பூட்டிவிட்டோமா என்று பார்க்கிறார். ‘தூக்கிவாரிப் போடுகிறது’ என்று எழுதியதற்கு, திடுக்கிடுகிறார் என்ற பொருளில் ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்த ஆசிரியர், அதை அடித்துவிட்டு, அழுத்தக் குக்கர் விசிலடித்தபோது நான் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றதை அத்தை சொன்னபடியே எழுதினார். கடைசி வரியை யாரும் திருத்தவில்லை: ‘தூங்கும்போது அவரைத் தொட்டு எழுப்பக் கூடாது, வாசற்படியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று என் மகள் என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.’ மனைவி அப்படிச் சொல்லி வைத்திருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

துணைக் கோரிக்கை 2020 பிப்ரவரியில் போனது. பிறகு கொவிட்-19 வந்து எல்லாம் நின்றது. எனக்கு அழைப்பு வந்தது நவம்பரில்தான். ஒப்பந்த நிறுவனம் இங்கேயே ஒரு தனியார் மனநல மருத்துவரை ஏற்பாடு செய்திருந்தது. அன்று காலை வழக்கம்போலச் சட்டையைத் தேய்த்து, காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு கிளம்பினேன். எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதும், நன்றாக இருக்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உடனே சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, இது வாய்வழக்கம், உண்மை இதில் இருக்கிறது என்று கொடுத்தேன். அந்த ஆண்டின் மிக மோசமான ஆறு நாள்களைத் தேதியோடு அதில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். லாரியைப் பற்றிய கேள்விகள் பத்து நிமிடத்தில் முடிந்தன. மீதி நேரம் கிடங்கில் மேலாளரோடு ஏற்பட்ட சச்சரவு, எடுத்த மருத்துவ விடுப்பு, நண்பர்கள் எத்தனை பேர், மனைவியோடு கடைசியாக எப்போது வெளியே போனேன் என்பவை பற்றித்தான்.

முடிவு 2021 பிப்ரவரியில் வந்தது: 50 விழுக்காடு. காதின் பத்தையும் சேர்த்தால் அறுபது என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அவர்கள் கணக்கு வேறு வழியில் அறுபதுக்கு வருகிறது. முதலில் நூறிலிருந்து ஐம்பதைக் கழித்து, எஞ்சிய ஐம்பதில் பத்து விழுக்காடு, அதாவது ஐந்தைச் சேர்த்து, 55-ஐ அடுத்த பத்துக்கு உயர்த்துகிறார்கள். இன்னொரு 10 விழுக்காடு இருந்திருந்தாலும் 59.5 என்று வந்து அறுபதிலேயே நின்றிருக்கும் என்று ஆசிரியர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். அந்த ஆண்டு 60 விழுக்காட்டுக்குத் தனி ஆளுக்கு மாதம் 1,146.39 அமெரிக்க டாலர். 30 விழுக்காட்டிலிருந்து துணைவருக்கென்று சிறிது கூடும். அறிவிப்புக் கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதமான 2018 செப்டம்பரிலிருந்து நிலுவையும் வந்தது.

என்னைப் பொறுத்தவரை தொகையைவிடப் பயனுள்ளதாக இருந்தது, வெளிநாட்டில் வாழும் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் இந்த நோயும் சேர்ந்தது. இங்கே முதலில் சிங்கப்பூர் வெள்ளியில் பணம் கட்டிவிட்டு, மருத்துவரின் குறிப்போடு ரசீதை அனுப்பினால் திருப்பித் தருகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய் மாலை சிகிச்சைக்குப் போகிறேன்.

முடிவுக் கடிதத்தின் பின்பகுதியில் அவர்கள் பரிசீலித்த ஆதாரங்களின் பட்டியல் இருந்தது. அதில் ஏழாவதாக ‘மாமியாரின் கூற்று, மொழிபெயர்ப்புடன்’ என்று ஒரு வரி. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்ததற்கு ஒரு வரிதானா என்று கேட்டார். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வாங்கி, வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையில் வைத்துக்கொண்டார்.