கம்பு சுற்ற இடம் வேண்டும்

எனக்கு 43 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நாற்பதை நெருங்கும்போதுதான் சிலம்பம் கற்கத் தொடங்கினேன் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது “எதுக்கு?” என்றுதான். நின்றபடி சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால் சிலம்பம் ஆடிக்கொண்டு போவார்கள். முளைப்பாரி தூக்குவது பெண்கள், கம்பு சுற்றுவது ஆண்கள். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி நடுத்தெருவில் இரட்டைக் கம்பு சுற்றினாள். அவள் யாரையும் விலகச் சொல்லவில்லை, ஆனால் கூட்டம் தானாக ஒதுங்கி அவளைச் சுற்றி வட்டம் விட்டது. பேருந்தில் சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, கடையில் சுவரோரமாக நடந்து, யாராவது குரலை உயர்த்தினால் இரண்டடி பின்னால் போய்ப் பழகியவள் நான். அந்த வட்டம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த வாரமே அவளுடைய வாத்தியாரை விசாரித்துக்கொண்டு போனேன்.

வாத்தியாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு பள்ளி மைதானத்தில் சொல்லித் தருகிறார். முதல் நாள் என்னை வெறுங்காலோடு மண்ணில் நிற்கச் சொல்லி, ஒரு கம்பைப் பக்கத்தில் நிறுத்தி என் புருவத்தோடு அளந்து பார்த்தார். ஆளுக்கு ஏற்ற கம்பு, அவரவர் நெற்றி உயரம். முற்றிய மூங்கில். நட்ட நடுவில் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் ஒரு முனை நீண்டு நிற்கும், அடி அந்த முனையில்தான் இருக்கிறது. சுற்ற ஆரம்பித்தால் கையும் கம்பும் சேர்ந்து சுற்றிலும் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் கேட்கும். நான் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுற்றப் பார்த்தேன். “தாயி, ஒடுங்காதீங்க. கம்புக்கு எடம் குடுங்க” என்றார். அதை எத்தனை நாள் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அக்குளைத் திறந்து, தோளை விரித்து, இந்த அளவு இடம் எனக்கு வேண்டும் என்று உடம்பால் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

பார்க்கிறவர்களுக்குச் சிலம்பம் என்றால் கை வேகம். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது கால். முதலில் காலடி வரிசைதான். வலது, இடது, திரும்பு, மறுபடி வலது. நான்கு திசைக்கும் முறையாக அடி வைத்து ஆடுவதை ‘வீடு கட்டுவது’ என்பார்கள், அது வரும்வரை வீச்சு எதுவும் கிடையாது. கூடவே இடது கைப் பழக்கம். கம்பு கை மாறிக்கொண்டே இருக்கும், ஒரு கை மந்தமாக இருந்தால் எதிராளி அந்தப் பக்கம் வருவான். வீட்டில் பூட்டைத் திறப்பது, தண்ணீர் மொள்வது, பல் துலக்குவது எல்லாம் இடது கையால் செய்யச் சொன்னார். இப்போதும் செய்கிறேன்.

என்னை மாற்றியது தொடுமுறைப் பயிற்சி. எதிரில் நிற்பவரின் கம்பு நம் மேல் படாமல் தடுத்து, நாம் அவரைத் தொட வேண்டும். வாத்தியார் மெதுவாகத்தான் தலைக்கு ஓங்கினார். கம்பு இறங்கும்போது என் கண் மூடிக்கொண்டது. கண்ணை மூடினால் தடுப்பு எங்கே போய் நிற்கும்? அவர் திட்டவில்லை. அதே அடியை அதே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓங்கினார். கம்பின் முனையைப் பார்க்காதே, அது கண்ணுக்குச் சிக்காது, தோளைப் பார், தோள் அசையாமல் கம்பு வராது என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு காலையில் கண் திறந்தே இருந்தது. கம்போடு கம்பு மோதிய அதிர்ச்சி முழங்கை வரை ஏறியதை முழுசாகப் பார்த்தபடி உணர்ந்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். அடி வரும்போது நேராகப் பின்வாங்கினால் கம்பின் முனைக்கு வசதியாக நாமே போய் நிற்கிறோம். முனைதான் அதிக வேகத்தில் வருகிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் அதே கம்புக்கு அவ்வளவு வலு இல்லை. ஆகவே குறுக்காக ஓரடி வைத்து உள்ளே போக வேண்டும். பயப்படும் உடம்பு இதை ஒப்புக்கொள்ளாது. என் உடம்பு ஒப்புக்கொள்ள மாதக்கணக்கில் ஆனது. முன்னங்கையில் நீலம் பாய்ந்த தடங்கள் வந்து வந்து போயின.

கடையில் ரொம்ப நாளாகத் தள்ளிப்போன சம்பள உயர்வைப் பற்றி முதலாளியிடம் பேசப் போனபோது, வழக்கம்போல வாசலருகே நிற்காமல் மேசைக்கு அருகில் போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். குரல் உயர்ந்தது, அவருடையது. நான் எழுந்திருக்கவில்லை. கணக்கேடு என் கையில் இருந்தது, எண்களைச் சொன்னேன். அடுத்த மாதம் சம்பளம் ஏறியது. கம்பு கற்காமல் இருந்திருந்தால் அந்த நாற்காலி வரை போயிருக்க மாட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் அதற்கும் இடம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் சான்றிதழைக் கேட்கிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் சாதனை என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளை மணிக்கணக்கில் நிற்க வைத்துக் கம்பு சுற்ற விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிரில் ஆள் இல்லாமல், கால் நகராமல் சுற்றிக்கொண்டே இருப்பதில் அந்தப் பிள்ளை எதைக் கற்கும்? மணிக்கட்டு வலிதான் மிஞ்சும்.

கற்க நினைக்கிறவர்கள், முக்கியமாக என் வயதுப் பெண்கள், மேடையில் பளபளக்கும் கம்பைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். முதலில் வாத்தியாரைப் பாருங்கள். வந்த அன்றே வீச்சு சொல்லித் தருகிறாரா, காலடியில் நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். காலடியில் நிறுத்துகிறவரிடம் சேருங்கள். பேன்ட்டோ தொளதொள சுடிதாரோ போதும், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். எங்கள் மைதானத்தில் இப்போது தையல்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவும் சேர்ந்திருக்கிறார். அவருக்கு ஐம்பதுக்கு மேல். போன ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் நின்று தொடுமுறை ஆடினார், என் இடது தோளில் அழுத்தமாக ஒன்று வைத்தார்.