விரதத்தில் உடம்பு போட்டவர்

எத்தியோப்பியாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று சைவம் சாப்பிடுகிற யாராவது சொன்னால் ஊரில் எல்லோரும் பயமுறுத்தித்தான் அனுப்புவார்கள். பச்சை மாட்டிறைச்சியைக் கத்தியால் அரிந்து மிளகாய்ப் பொடியில் தொட்டுத் தின்பதை ஏதாவது வீடியோவில் பார்த்திருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதே ஊரில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வாரா வாரம் புதனும் வெள்ளியும் விரதம். கறி, முட்டை மட்டுமல்ல, பால், வெண்ணெய்கூட ஆகாது. ஈஸ்டருக்கு முன்னால் சேர்ந்தாற்போல 55 நாள். இன்னும் சில நோன்புகளையும் கூட்டினால் வருஷத்தில் ஏறக்குறைய பாதி. நம் ஊரில் புரட்டாசி ஒரு மாதத்துக்கே கறிக்கடைக்காரர் ஈ ஓட்டுகிறார்!

அடிஸ் அபாபாவில் என்னோடு கல்லூரியில் கணக்கு எடுப்பவர் கும்பகோணத்துக்காரர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். சமைத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் வந்தவர், குக்கரை ஊரிலேயே விட்டுவிட்டார். இது 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு மட்டும் வேகவே வேகாது. இரண்டு வாரம் பிரெட்டும் வாழைப்பழமுமாக ஓட்டினார். பார்க்கச் சகிக்காமல் ஒரு புதன்கிழமை அராத் கிலோ பக்கம் நான் வழக்கமாகப் போகும் சின்ன உணவகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரே தட்டு வந்தது. கைக்குழந்தையைத் தூங்கப் போடலாம் போன்ற அகலத்தில் ஓர் இன்ஜெரா, இந்த ஊர் தோசை. அதன் மேல் பெர்பெரே என்ற மிளகாய் மசாலாக் காரத்தில் மைசூர் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, கேரட்டோடு வதக்கிய முட்டைக்கோஸ், பீட்ரூட், நடுவில் ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பு என்று குட்டிக் குட்டிக் குவியல்கள். சார் ஓரத்தைப் பிய்த்து முகர்ந்து பார்த்தார்.

"மாவு மூணு நாள் புளிச்சிருக்கு சார். எங்க வீட்ல இதைக் கொட்டிடுவோம்."

டெஃப் என்ற சிறுதானிய மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்துத்தான் வார்க்கிறார்கள், திருப்பிப் போடுவதும் கிடையாது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் தட்டில் அவர் பக்கம் காலியாகியிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேராக வந்து இன்ஜெராவைக் கிழித்து, பருப்பும் கீரையும் வைத்து உருட்டி அவர் வாய்க்கு நேரே நீட்டினார். குர்ஷா. இங்கே அன்பைக் காட்டும் வழி அது. உருண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு அன்பு. மறுத்தால் மனம் நோகும். இவரோ எச்சில், பத்து எல்லாம் பார்க்கிற வீட்டுப் பிள்ளை. என்னைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார். காரத்தில் கண் கலங்கியது. அம்மாவும் கலங்கிவிட்டார். ஒன்றோடு நிறுத்துவது மரியாதையில்லை என்று அடுத்ததும் வந்தது.

அப்புறம் காபி. காபி பிறந்த நாட்டில் அதைக் கண்ணெதிரே வறுத்து, புகையை நம் மூக்குக்கு நேரே காட்டி, மண் கூஜாவில் காய்ச்சித் தருவார்கள். தொட்டுக்கொள்ளப் பாப்கார்ன். அதே தூளில் தண்ணீர் விட்டு மூன்று சுற்று. இரண்டாம் டிகாஷனையே கேவலமாக நினைக்கும் டிகிரி காபி ஊர்க்காரருக்கு மூன்றாம் டிகாஷன், அதுவும் பாலில்லாமல். அவர் முகத்தை அன்றைக்குப் படம் எடுத்திருக்க வேண்டும்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வந்தபோது தினமும். ஊரே வாடிக்கொண்டிருந்த அந்த 55 நாளில் சட்டைப் பட்டன் தெறிக்க உடம்பு போட்டவர் அவர் ஒருவர்தான்.

ஈஸ்டர் வந்தது. தெருவெங்கும் ஆடுகள். டாக்ஸி டிக்கியிலிருந்து ஓர் ஆடு எட்டிப் பார்த்தது. அடுத்த புதன்கிழமை சார் வழக்கம்போலப் போய் உட்கார, அம்மா சிரித்த முகமாக, இன்னும் 50 நாளைக்குப் புதன், வெள்ளி விரதமும் கிடையாது என்று நல்ல செய்தி சொன்னார்.

"ஷிரோவாவது இருக்கா?"

இருந்தது. மண்சட்டியில் தளபுளவென்று கொதித்தபடி வந்தது. உள்ளே ஏதோ துண்டுகள்.

"உருளைக்கிழங்குதானே சார்?"

பண்டிகைக் காலம், போஸெனா ஷிரோ. மாட்டிறைச்சி போட்டது. சட்டியை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அருமையாக இருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவருக்குத் தக்காளி சாஸ் ஊற்றிய ஸ்பகெட்டி. 1936 முதல் 1941 வரை இத்தாலிக்காரர்கள் இங்கே உட்கார்ந்திருந்ததன் மிச்சம். அதையும் இன்ஜெரா மேல்தான் கொட்டித் தந்தார்கள். அம்மா அவரை வெறுமனே விடுவாரா? ஸ்பகெட்டியை இன்ஜெராவில் சுருட்டிக்கொண்டு வந்தார். நீட்டுவதற்கு முன்பே சார் வாயைத் திறந்துவிட்டார். வாய் நிறைய அடைத்துக்கொண்டு, 50 நாள் என்றைக்கு முடிகிறது என்று கணக்கு வாத்தியார் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.