சூப்பர்ஹீட்டர் குழாய்க்குக் கம்பி தேடியது

சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளில் பொயிலர் வேலை என்றால் பெரும்பாலும் கார்பன் எஃகுக் குழாய்தான். யோசிக்க அதிகம் இல்லை. இந்த முறை அழைத்த முதலாளியோ, உமியில் மின்சாரமும் எடுக்கலாம் என்று சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்த்தொகுதி) உள்ள பாவித்த பொயிலர் ஒன்றை வாங்கியிருந்தார். அதில் ஒரு குழாய் வீங்கி வெடித்துவிட்டது.

வரைபடத்தில் சூடு கூடிய வரிசை டி22 என்றும் அடுத்தது டி11 என்றும் இருந்தது. இரண்டும் சூடு தாங்கும் கலப்பு எஃகு வகைகள். முன்னதில் 2.25 வீதம் குரோமியமும் 1 வீதம் மொலிப்டினமும் உண்டு, பின்னதில் 1.25, 0.5. பாவித்த பொயிலரில் வரைபடத்தை மட்டும் நம்ப முடியுமா? கொழும்பிலிருந்து உலோகச் சோதனைக் கருவியை வரவழைத்துப் பார்த்தோம். வெடித்த துண்டில் குரோமியமே இல்லை. முன்பு யாரோ சாதாரணக் குழாயைச் செருகி ஒட்டியிருக்கிறார்கள்!

டி22 குழாய்களை ஒன்றோடொன்று வெல்டிங்கில் ஒட்ட, உருக்கிச் சேர்க்கும் கம்பி ஈஆர்90எஸ்-பி3. டி22, டி11 சந்திக்கும் இடத்துக்கு ஈஆர்80எஸ்-பி2 என்றேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"தம்பி, 90 கூடின பலம்தானே? எல்லாவற்றுக்கும் அதையே போடுங்களேன்."

"காக்கா, அந்த இலக்கம் சாதாரண வெப்பத்தில் இழுவிசைக்கு உரியது. நெருப்பில் நிலைப்பதற்கு, கலவையைச் சொல்லும் பி2, பி3 என்ற எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒட்டு எவ்வளவு உயர்ந்தாலும் பக்கத்து டி11 டி11தான். ஒட்டு வீணாகக் கடினமாகும், வெடிப்பு விழும் வாய்ப்பும் கூடும்."

பட்டறை நண்பர் ஒருவர், எதையும் பிடிக்கும் என்று 309 துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சொன்னார். பிடிக்கும்தான். ஆனால் அது சூட்டில் குழாயைவிட அதிகம் விரியும். பொயிலரை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் ஒட்டின் ஓரம் இழுபடும். நாளடைவில் குழாயின் கார்பன் ஒட்டுக்குள் நகர்ந்து, ஓரத்தில் மென்மையான பட்டை ஒன்றையும் விட்டுவிடும்.

முழுவதும் ஆர்கன் வெல்டிங்தான். முன்சூடு 150 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்காதபடி குறித்த சூட்டில் உருகும் வெப்பச் சுண்ணக் குச்சியால் தடவிப் பார்த்துக்கொண்டோம். டி22 குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கன் விட்டோம். இல்லாவிட்டால் ஒட்டின் உள்ளடியான வேர்ப்பக்கம் கருகிப் பொருக்காகிவிடும்.

கம்பி மாறிப்போவதுதான் எனக்குப் பெரிய பயம். பி2, பி3, சாதாரண எஃகுக்கான 70எஸ்-6 மூன்றும் செம்புப் பூச்சோடு ஒரே மாதிரி மினுங்கும். வகை பொறித்த முனையை எரித்துவிட்டால் மிச்சத் துண்டு எதுவென்று யாருக்கும் தெரியாது. எழுத்துள்ள முனையைக் கையில் பிடித்து மறுமுனையை உருக்கச் சொன்னேன். மிஞ்சிய கட்டைகளை மாலையில் நானே எண்ணி வாங்கிக்கொண்டேன்.